ஈப்போவுக்குப் போன விரிப்பு

ஸஹ்ரா போன பிறகு சந்திரிகாவால் மத்தியானத்தைத்தான் கடக்க முடியவில்லை. காலையில் சமையல் இருந்தது. மாலையில் கணவர் பக்கிரிசாமி ஜுருவிலிருந்து வேலை முடிந்து வந்துவிடுவார். நடுவில் கிடந்த அந்தப் பொழுதில்தான் பிள்ளை தூங்கி எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே நடந்து வந்து அவள் மடியில் ஏறும். இப்போதும் அந்த நேரம் வந்தால் சந்திரிகா தன்னையறியாமல் தரையில் காலை மடக்கி உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்த பிறகுதான் நினைவு வரும்.

ஸஹ்ரா அவள் பெற்ற பிள்ளை இல்லை. பினாங்கின் டத்தோ கிராமாட்டில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் இரண்டு மாடி கீழே இருந்த நஸீஹாவின் மகள். நஸீஹாவும் அவள் கணவரும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார்கள். பிரசவ விடுப்பு முடிகிற சமயத்தில், பிள்ளையை யாரிடம் விடுவதென்று தெரியாமல் நஸீஹா மேலே வந்து கதவைத் தட்டினாள். மாதச் சம்பளம் பேசித்தான் சந்திரிகா ஒப்புக்கொண்டாள். அவளுடைய ஒரே மகன் கிஷன் அப்போதுதான் செபராங் ஜெயாவில் வேலை கிடைத்து அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். வீட்டில் ஒரு சத்தம் இருக்கட்டுமே என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள்.

விடிந்தும் விடியாமலும் துணியில் சுற்றிய பிள்ளை கைமாறும். இருட்டிய பிறகு திரும்பப் போகும். நஸீஹாவுக்குக் கூடுதல் நேர வேலை இருக்கும் நாட்களில் பிள்ளை அங்கேயே தூங்கிவிடும். அதன் ஹலால் சாப்பாட்டுக்கென்று தனிச் சட்டி, தனித் தட்டு வைத்திருந்தாள் சந்திரிகா. நஸீஹா கேட்டுக்கொண்டபடி சாப்பாட்டுக்கு முன்னால் பிஸ்மில்லாஹ் சொல்லப் பழக்கியதும் அவள்தான். பெற்றவளை உம்மா என்றும் வளர்த்தவளை மா என்றும் பிள்ளை தானாகவே பிரித்துக்கொண்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஸஹ்ராவுக்கு ஆறு வயது நிறைவதற்குச் சற்று முன்னால் நஸீஹாவின் கணவருக்கு ஈப்போவில் நல்ல வேலை அமைந்தது. அவளும் அங்கேயே வேறு வேலை தேடிக்கொண்டாள். புறப்பட்ட அன்று பிள்ளைக்குப் புது வீட்டைப் பார்க்கப் போகிற சந்தோஷம். காடியின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடிக்கு வெளியே கையை ஆட்டியது. வாரா வாரம் போன் பண்ணுவதாக நஸீஹா சொன்னாள். சந்திரிகா சிரித்த முகமாகவே நின்றாள். லிஃப்டில் ஏறி மேலே வந்து, சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது வாய் பிஸ்மில்லாஹ் என்றது. தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டாள்.

முதல் மாதம் அவளே போன் செய்தாள். பிள்ளை தூங்குகிறாள் என்றாள் நஸீஹா. அடுத்த முறை, பள்ளியில் இருக்கிறாள். அதற்கடுத்த முறை, குளிக்கிறாள், அப்புறம் பேசச் சொல்கிறேன். அப்புறம் யாரும் பேசவில்லை. சந்திரிகாவும் நிறுத்திக்கொண்டாள். தீபாவளிக்கு நஸீஹாவிடமிருந்து விளக்குப் படம் வரும். பெருநாளைக்கு இவள் பிறைப் படம் அனுப்புவாள்.

ஈப்போ ஒன்றும் தூர தேசமில்லை. பட்டர்வொர்த்தில் ரயிலேறினால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் என்ன உறவென்று சொல்லிக்கொண்டு போவது? அத்தை இல்லை, சின்னம்மா இல்லை. வேலைக்கு வைத்திருந்தவர்கள் வீட்டுக்கு, வேலை முடிந்த பிறகு எதற்காகப் போவது? கிஷன் ஒருமுறை பரிவாகத்தான் சொன்னான், "அம்மா, அது சம்பளத்துக்குப் பாத்த பிள்ளைமா. அவங்க மறந்திருப்பாங்க. நீங்களும் விட்டுருங்க." அவன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. இருந்தாலும் அன்றைக்கு அவனுக்குச் சரியாகச் சாப்பாடு போடவில்லை.

அந்த மத்தியானங்களில்தான் துணி அவள் கைக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் பக்கிரிசாமி ஏதோ ஸ்பேனர் தேடிப் போனார். அவளும் கூடப் போனாள். தார்ப்பாய் மேல் மலைபோலக் கொட்டிக் கிடந்தன பண்டல் துணிகள்: யாரோ விரித்துப் படுத்த படுக்கை விரிப்புகள், யாரோ கட்டிச் சாயம்போன பாத்தேக் கைலிகள், பள்ளி விளையாட்டுச் சட்டைகள். பழைய துணியை நாடாவாகக் கிழித்துக் கொக்கி ஊசியால் பின்னி விரிப்பு செய்வதை அவள் போனில் பார்த்திருந்தாள். பள்ளியில் படித்த காலத்தில் நூலில் மேசைவிரிப்புப் பின்னிய பழக்கம் அவளுக்கு உண்டு. இரண்டு படுக்கை விரிப்புகளை வாங்கி வந்தாள்.

நூலுக்கான ஊசி துணிக்கு ஆகவில்லை. பக்கிரிசாமி கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறையில் வேலை செய்பவர். ஒரு மரக்குச்சியை எடுத்துப்போய், முனையில் கொக்கி செதுக்கி, சாயம் அடிப்பதற்கு முன் காரைத் தேய்க்கும் அதே தாளால் தேய்த்துத் தேய்த்து, கண்ணாடிபோல வழவழப்பாக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். எதற்காகப் பின்னுகிறாள் என்று கேட்கவில்லை. மனைவி மத்தியானங்களில் வெறுந்தரையில் உட்கார்ந்திருப்பதை அவர் விடுமுறை நாட்களில் பார்த்திருக்கிறார்.

முதல் விரிப்பு விரிப்பாகவே வரவில்லை. நடுவிலிருந்து வட்டம் வட்டமாகப் பின்னிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கண்ணிகளைக் கூட்ட வேண்டும். அது தெரியாமல் அவள் இழுத்துப் பின்னியதில் ஓரம் மேலே எழும்பிச் சட்டிபோல ஆகிவிட்டது. அடுத்ததில் கண்ணி அதிகமாகி, ஓரம் அப்பளம்போல நெளிந்தது. அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். பருத்திப் படுக்கை விரிப்பு என்றால் ஓரத்தில் ஒரு வெட்டு கொடுத்து இழுத்தால் போதும், நேர்கோட்டில் சர்ரென்று கிழியும். டீ சட்டைத் துணி கிழியாது, வெட்டத்தான் வேண்டும், ஆனால் இழுத்துவிட்டால் தானே சுருண்டு கயிறாகிவிடும். ஒரு நாடா முடிந்தால் முனையில் சிறு துளையிட்டு அடுத்த நாடாவை அதற்குள் கோத்து இழுத்துவிடலாம், முடிச்சே தெரியாது. இதெல்லாம் கை கற்றுக்கொள்ளும்வரை மனம் வேறெங்கும் போகவில்லை. கற்றுக்கொண்ட பிறகு மனம் மறுபடி ஈப்போவுக்குப் போனது. ஆனால் கை நிற்காததால் அதைத் தாங்க முடிந்தது.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. அந்த மாடியில் இருந்த எல்லா வீட்டு வாசலிலும் சந்திரிகாவின் கால்மிதி கிடந்தது. லெபோ அர்மேனியன் பக்கம் தங்கும் விடுதி நடத்தும் சீனப் பெண்மணி ஒருத்தி அறைகளுக்கென்று கேட்டு வாங்கிப் போனாள்.

பிறகு ஒரு நாள் காலையில் போனைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, நஸீஹா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டிருந்தாள். பள்ளி விளையாட்டுப் போட்டி. நான்கைந்து சிறுமிகள் முக்காடு அணிந்து, கழுத்தில் பதக்கத்தோடு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். சந்திரிகா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அதில் ஸஹ்ரா எது என்று அவளுக்குத் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தாள். ஓரத்தில் நின்ற உயரமான பெண்ணா, நடுவில் நின்றவளா? பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில் அந்த முகத்தை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். படம் மறைவதற்குள் பலமுறை திறந்து பார்த்து, கடைசியில் நடுவில் நின்றவள்தான் என்று முடிவு செய்தாள். அப்போதும் நிச்சயமில்லை.

அன்று மாலை பக்கிரிசாமி வந்ததும், தான் ஈப்போவுக்குப் போகப் போவதாகச் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றியபடியே, "போய்ப் பாத்துட்டு வா. யாரு என்ன சொல்லப் போறா," என்றார்.

ஆனால் வெறுங்கையோடு எப்படிப் போவது? பிள்ளையின் அறைக்கு ஒரு பெரிய விரிப்பு பின்னிக்கொண்டு போவதென்று தீர்மானித்தாள். அது ஒரு காரணமாகவும் இருக்கும். சந்தையில் துணி தேடும்போதுதான் ஒன்று புரிந்தது. ஸஹ்ராவுக்கு இப்போது என்ன நிறம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அப்போதெல்லாம் மஞ்சள்தான். மஞ்சள் தட்டு, மஞ்சள் குடை. ஒன்பது வயதுப் பெண்ணுக்கும் மஞ்சளே பிடிக்குமா? ஒரு கையில் இளஞ்சிவப்புப் படுக்கை விரிப்பும் இன்னொரு கையில் சாம்பல் விரிப்புமாக அவள் நெடுநேரம் நின்றதைப் பார்த்துத் துணிக்காரர் யாருக்கு என்று கேட்டார். சின்னப் பெண்ணுக்கு என்றாள். பேத்தியா என்று கேட்டார்.

"எங்க பிள்ளைண்ணே," என்றாள் சந்திரிகா. சொல்லிவிட்டு வேகமாக இரண்டையுமே வாங்கிக்கொண்டாள். நீலமும் ஒன்று எடுத்தாள். மஞ்சளை மட்டும் விட மனம் வரவில்லை. ஒரு மஞ்சள் கைலியையும் சேர்த்துக்கொண்டாள்.

துணிகளை நனைத்து, அலசி, காயவைத்துக் கிழித்தாள். நடுவில் மஞ்சள், அதைச் சுற்றிச் சாம்பல், பிறகு நீலம், வெளியே இளஞ்சிவப்பு. நீள்வட்டமாக வளர்ந்தது. பாதிக்கு மேல் போனதும் அதை மடியில் வைத்துத் திருப்பவே கனத்தது. விரிப்பின் ஒரு பகுதி எப்போதும் அவள் தொடைமேல் சூடாகக் கிடந்தது. சில மத்தியானங்களில் பின்னுவதை நிறுத்திவிட்டு அந்தக் கனத்தோடு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

விரிப்பு முடிந்த பிறகுதான் நஸீஹாவுக்குப் போன் செய்தாள். ஈப்போவில் ஒரு வேலை இருப்பதாகப் பொய் சொல்ல நினைத்திருந்தாள். ஆனால் பிள்ளையைப் பார்க்க வரலாமா என்றுதான் வாயில் வந்தது. நஸீஹா, "வாங்கக்கா. சனிக்கிழமை வாங்க. எல்லாரும் வீட்லதான் இருப்போம்," என்றாள்.

விரிப்பைச் சுருட்டி, ராஃபியா கயிற்றால் இறுகக் கட்டி, பக்கிரிசாமி அவளை ஃபெரிவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். பட்டர்வொர்த்தில் ரயிலேறியதும் சந்திரிகா சுருளை மேலே வைக்காமல் தன் முழங்காலுக்கு இடையிலேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். தைப்பிங் தாண்டியதும் கயிற்றின் முடிச்சை ஒருமுறை இறுக்கினாள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

ஈப்போ நிலையத்துக்கு நஸீஹாவே வந்திருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். சந்திரிகாவைக் கட்டிக்கொண்டு, "அப்படியே இருக்கீங்கக்கா," என்றாள். காடியில் பெரும்பாலும் வேலையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டு வாசலில் ஸஹ்ரா நின்றாள். படத்தில் நடுவில் இருந்தவள் இல்லை. ஓரத்தில் நின்ற உயரமான பெண். அவள் பின்னால் இரண்டு வயதுத் தம்பி ஐமான் எட்டிப் பார்த்தான். ஸஹ்ரா மரியாதையாக முன்னால் வந்து, குனிந்து, சந்திரிகாவின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் பெரியவர்கள் எல்லாருக்கும் செய்கிற சலாம்தான்.

"வாங்க ஆண்ட்டி," என்றாள்.

சந்திரிகா பிள்ளையின் தலையைத் தொட்டாள். கன்னத்தைத் தொடவேண்டும்போல இருந்தது. தொடவில்லை.

விரிப்பைப் பிரித்து அறையில் போட்டார்கள். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. ஐமான் உடனே அதில் விழுந்து உருண்டான். ஸஹ்ரா குனிந்து தடவிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று மலாயில் சொல்லி, நன்றியும் சொன்னாள். எந்த நிறம் பிடித்திருக்கிறது என்று சந்திரிகா கேட்டாள். ஸஹ்ரா யோசித்துவிட்டு நீலத்தைக் காட்டினாள். பிறகு விருந்தாளி முன்னால் என்ன செய்வதென்று தெரியாத பிள்ளைகள் நிற்பதுபோல ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றாள். நஸீஹா போகச் சொன்னதும் கூடத்துக்கு ஓடிவிட்டாள்.

அடுக்களையில் நஸீஹா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சந்திரிகா வெங்காயம் நறுக்கினாள். வீடு நன்றாக இருப்பதாகவும், பிள்ளை நன்றாக வளர்ந்திருப்பதாகவும் சொன்னாள். அவளுக்கு ஞாபகம் இருக்காதுதான், சின்னப் பிள்ளைதானே, என்றும் சேர்த்துக்கொண்டாள். தன்னைத் தேற்றிக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னாள்.

நஸீஹா அடுப்பைத் தணித்தாள். "அக்கா, இங்க வந்து ஆறு மாசம் அவ தூங்கல. மாகிட்ட போகணும், மாகிட்ட போகணும்னு அழுவா. நான் தூக்குனா என்னைத் தள்ளி விடுவா. உங்க குரலைக் கேட்டா இன்னும் அழுவாளேன்னுதான் போன் குடுக்கல. அப்புறம் ஒரு நாள் அழுகை நின்னுடுச்சு. அதைத் திரும்பக் கெளப்ப எனக்குப் பயமா இருந்துச்சு."

சந்திரிகா கத்தியைக் கீழே வைத்தாள். பிள்ளை தன்னைத் தேடியிருக்குமா, ஒரு நாளாவது தேடியிருக்குமா என்று எத்தனையோ மத்தியானங்களில் ஏங்கியிருக்கிறாள். தேடியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். இப்போது அந்த ஆசை நிறைவேறியதைக் கேட்கையில், ஒரு குழந்தை ஆறு மாதம் தூங்காமல் அழுததுதான் கண்ணில் நின்றது. அந்த நேரத்தில் தான் இங்கே இல்லையே என்றிருந்தது. கூடவே நஸீஹா முகமும் தெரிந்தது. பெற்ற பிள்ளை தள்ளிவிட, கூடத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்த முகம்.

"நீ பட்ட பாடு எனக்குத் தெரியாம போச்சே," என்றாள் சந்திரிகா. மீன் கருகுகிற வாசம் வந்ததும் நஸீஹா அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

சாப்பிட்ட பிறகு நஸீஹா ஐமானைத் தூங்கவைக்கப் போனாள். சந்திரிகா ஸஹ்ராவின் அறை வாசலில் தயங்கி நின்றாள். ஸஹ்ரா புது விரிப்பின்மேல் குப்புறப் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். சந்திரிகா உள்ளே போய் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை எழுந்து நேராக உட்கார்ந்தது. ரயில் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சந்திரிகா விரிப்பின் ஓரக் கண்ணிகளை நீவிவிட்டாள்.

ஸஹ்ராதான் பேசினாள். தமிழ் அவளுக்குத் தடுக்கியது. "ஆண்ட்டி, ஒரு நாள் பஞ்சிர் வந்துச்சுல்ல? ரோடு எல்லாம் தண்ணி. நாம பஸ் ஸ்டாப்ல இருந்தோம்."

ஜார்ஜ் டவுனில் பெருமழை பெய்தால் வெள்ளம் வரத்தான் செய்யும். "எப்பம்மா?" என்று கேட்டாள் சந்திரிகா.

"தெரியாது. நான் சீட் மேல நின்னேன். உங்க செலிப்பார் ஒண்ணு தண்ணில போயிருச்சு. நான் அழுதேன். நீங்க இன்னொரு செலிப்பாரையும் கழட்டித் தண்ணில விட்டீங்க. அதுவும் போவட்டும், கூட்டாளி வேணும்லன்னு சொன்னீங்க. அப்புறம் சிரிச்சீங்க." ஸஹ்ரா நிறுத்தி, சரியான சொல்லைத் தேடினாள். "ரொம்ப சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்."

சந்திரிகா பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்படி ஒரு நாள் நினைவில் இல்லை. முதல் பல் முளைத்த நாள் நினைவிருந்தது. எந்தத் தாலாட்டில் தூங்கும், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கும், எல்லாம் இருந்தது. மூன்று வருஷமாக ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்துப் பார்த்துத் தேய்த்து வைத்திருந்தாள். இது மட்டும் அவளிடம் இல்லை. பிள்ளை தனக்கென்று ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள்.

ஸஹ்ரா மறுபடி சொன்னாள். இந்த முறை செருப்பு மிதந்து போனதைக் கையால் காட்டினாள்.

மாலை ரயிலில் திரும்பும்போது சந்திரிகாவின் மடி வெறுமையாக இருந்தது. ஜன்னலில் செம்பனைத் தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் அந்த மழையை நினைவில் தேடிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து பக்கிரிசாமியிடம், எப்போதாவது தான் வெறுங்காலோடு வீடு வந்ததுண்டா என்று கேட்டாள். அவர் உண்மையிலேயே யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லையே என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டதென்று சொல்ல முடியாது. நஸீஹா மாதத்தில் ஒரு நாள் போன் செய்து ஸஹ்ராவிடம் கொடுப்பாள். பள்ளி, பரீட்சை, ஐமான் உடைத்த சாமான் என்று ஸஹ்ரா நாலு வார்த்தை பேசுவாள். ஆண்ட்டி என்றுதான் கூப்பிட்டாள். மா என்று ஒருமுறையாவது வாய் தவறி வராதா என்று சந்திரிகா ஒவ்வொரு முறையும் காது கொடுத்துக் கேட்பாள். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறையில் அவர்கள் பினாங்குக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தார்கள். மறுநாள் மத்தியானம் டத்தோ கிராமாட் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடிந்ததும் ஸஹ்ரா சந்திரிகாவின் அருகில் வந்து, அந்த பஸ் ஸ்டாப் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். எது என்று சந்திரிகாவுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினாள்.

கீழே இறங்கிச் சாலையோரமாக நடந்தார்கள். முதல் நிறுத்தத்தில் ஸஹ்ரா நின்று பார்த்துவிட்டு, இது இல்லை என்று தலையாட்டினாள். அடுத்ததில் கொஞ்சம் தயங்கினாள். சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள், மேலே கூரையைப் பார்த்தாள்.

"இதுவா இருக்கும்," என்றாள். குரலில் உறுதியில்லை.

"இதுதான்," என்றாள் சந்திரிகா.

இருவரும் இரும்பு இருக்கையில் உட்கார்ந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. மழைக்கான அறிகுறியே இல்லை. பஸ் ஒன்று வந்து நின்று கதவைத் திறந்தது. ஏறவில்லை என்று சந்திரிகா ஓட்டுநருக்குக் கையைக் காட்டினாள். பஸ் போனது. நஸீஹா போனில் அழைத்து, கிளம்ப நேரமாகிறது என்றாள். இதோ வருகிறோம் என்றாள் சந்திரிகா. ஆனால் ஸஹ்ரா எழவில்லை. அவளும் எழவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்து போகட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.